செம்பனை ஷார்ட்டனிங் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஷார்ட்டனிங் என்பது பிஸ்கட், கேக் மாவில் வெண்ணெய்க்குப் பதிலாகப் போடும் கெட்டிக் கொழுப்பு. ஆர்கானிக் செம்பனை ஷார்ட்டனிங் டப்பாவைத் திறந்ததும் பலருக்கு வரும் முதல் சந்தேகம், "கெட்டுப் போயிடுச்சோ?" என்பதுதான். மேலே எண்ணெய் நிற்கும், உள்ளே மணல்மணலாக இருக்கும், நிறம் லேசாக மஞ்சளடிக்கும். கொடுத்த விலையை நினைத்தால் வயிறு எரியும். பெரும்பாலும் சரக்கில் குறை இருக்காது. கோலாலம்பூர் வெயிலில் அது எந்தச் சூட்டில் இருந்தது, நீங்கள் எந்தச் சூட்டில் எடுத்துப் பிசைந்தீர்கள் என்பதில்தான் கோளாறு. அதனால் அளவை மாற்றுவதற்கு முன், செய்முறையைத் திட்டுவதற்கு முன், ஒரு தெர்மாமீட்டரை எடுத்து டப்பாவுக்குள் குத்திப் பாருங்கள். கேக் சாமான் கடையில் விற்கும் மலிவான ஊசி தெர்மாமீட்டரே போதும்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். செம்பனை எண்ணெயில் கெட்டியான பகுதியும் திரவப் பகுதியும் எப்போதும் கலந்தே இருக்கும். 10 டிகிரியில் ஏறக்குறையப் பாதி கெட்டி. 20 டிகிரியில் கால்வாசி. 30 டிகிரிக்கு வந்தால் பத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். ஷார்ட்டனிங்கில் கெட்டியான ஸ்டியரின் பகுதியைக் கூடுதலாகச் சேர்த்திருந்தால் கொஞ்சம் தாங்கும், ஆனால் போக்கு அதேதான். குளிர்நாட்டுச் செய்முறையில் "அறை வெப்பத்தில் வைத்த கொழுப்பு" என்று எழுதினால் அது 20, 21 டிகிரி. கோலாலம்பூர் செந்தூலில் மத்தியானம் 2 மணிக்கு, ஓவனும் எரிகிற சமையலறையில், 32 டிகிரி. அதே டப்பா, அதே கரண்டி, வேறு கொழுப்பு. மழை கொட்டி ஓய்ந்த இரவில் செய்த பிஸ்கட் நன்றாக வந்து, மறுநாள் பகலில் செய்தது ஊத்திக்கொள்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நான் வைத்திருக்கும் கணக்கு: சர்க்கரையோடு நுரைக்க அடிப்பதற்கு 22 முதல் 25 டிகிரி. அடுக்கு மாவுக்கு 16 முதல் 18. பொரிப்பதற்கு எப்படி இருந்தாலும் சரி, உருகத்தானே போகிறது.

இன்னொன்று, டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஆர்கானிக் என்பது மரம் வளர்த்த விதத்தைச் சொல்வது; உருகும் சூட்டை அது மாற்றாது. ஆர்எஸ்பிஓ, எம்எஸ்பிஓ என்ற நீடித்த செம்பனை உற்பத்திக்கான சான்று முத்திரைகள் வேறு விஷயம், அவை இருந்தால் ஆர்கானிக் என்று அர்த்தமில்லை. உட்பொருளில் செம்பனை எண்ணெய் மட்டும்தானா, கொழுப்பையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துவைக்கும் மோனோ டைகிளிசரைடு போன்ற குழம்பாக்கிகள் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கீழே கேக் பகுதியில் இது தேவைப்படும். நம் வீடுகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சாதாரண ஷார்ட்டனிங் எல்லாமே செடிகொடியிலிருந்து வருவதில்லை, மாட்டுக் கொழுப்பு சேர்த்தவையும் உண்டு. ஹலால் முத்திரை பன்றி இல்லை என்று உறுதி தரும், மாடு இல்லை என்று தராது. தீபாவளிப் பலகாரத்துக்கு வாங்குகிறவர்கள் உட்பொருளைப் படித்துவிட்டே வாங்குங்கள்.

மேலே எண்ணெய் நிற்கிறது, அடியில் கெட்டியாக இருக்கிறது

டப்பா ஒருமுறை சூடேறியிருக்கிறது. திரவப் பகுதி பிரிந்து மேலே வந்துவிட்டது. கெடவில்லை. அந்த எண்ணெயை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

எங்கள் அடுக்ககத்தில் மேல்மாடி ஆன்ட்டி போன தீபாவளிக்கு முந்தைய வாரம் டப்பாவோடு இறங்கி வந்தார். "மேல எண்ணெயா நின்னுச்சும்மா, ஊத்திட்டேன். இப்ப பிஸ்கட் மெழுகு மாதிரி நாக்குல ஒட்டுது. என்னா செய்ய?" என்றார். நடந்தது இதுதான். திரவப் பகுதியை வடித்துவிட்டால் மிச்சம் நிற்பது ஸ்டியரின் மிகுந்த கொழுப்பு. வாய்ச்சூடு 37 டிகிரி. அதற்கு மேல்தான் உருகும் கொழுப்பு நாக்கில் கரையாமல் படிந்து நிற்கும். ஊற்றியாகிவிட்டதால், அவர் வீட்டில் இருந்த சாதாரணச் சமையல் எண்ணெயிலேயே கொஞ்சம் சேர்க்கச் சொன்னேன். நூறு கிராம் கெட்டிக்கு 15, 20 கிராம் எண்ணெய், பீட்டரில் நன்றாக அடித்துச் சேர்க்க வேண்டும். நம் ஊர்ச் சமையல் எண்ணெய் பெரும்பாலும் செம்பனையின் திரவப் பகுதிதான், ஓலின் என்பார்கள். ஊற்றிய இடத்தில் கிட்டத்தட்ட அதையே திருப்பிப் போட்டதாகிவிடும். "அட, இவ்ளோதானா லா!" என்று படியேறிப் போனார்.

ஊற்றாமல் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். மொத்தத்தையும் ஒரு கிண்ணத்தில் கொட்டி, குளிர்சாதன அறையில் 24 டிகிரிக்கு வரவிட்டு, ஒரே சீராகும்வரை அடியுங்கள்.

மணல்மணலாக, ரவை கலந்ததுபோல் இருக்கிறது

இதுவும் கெட்டதில்லை, ஆனால் மேலே சொன்னதைவிடப் பிடிவாதமானது. வெறும் கலக்கலுக்கு மசியாது.

கொழுப்பு உறையும்போது படிகமாகிறது. செம்பனைக் கொழுப்பு சரியாகக் குளிர்ந்தால் மிகச் சிறிய ஊசிப் படிகங்கள் உண்டாகும். அவைதான் காற்றைப் பிடித்து வைத்து, தொட்டால் வழவழப்பாக இருக்கும். அது உருகி, மெல்ல மெல்ல ஆறி, மறுபடி உருகி ஆறினால் படிகங்கள் பெரிதாகின்றன. விரலில் நெரிவது அவைதான். ஆலையில் இதைத் தவிர்க்க உருகிய கொழுப்பைச் சட்டென்று குளிரவைத்து, சுரண்டிக்கொண்டே அடித்து, நைட்ரஜன் வாயுவையும் ஏற்றி, பிறகு இதமான சூட்டில் ஓரிரு நாள் வைத்திருந்து அனுப்புவார்கள். அந்த வேலையையெல்லாம் ஒரு லாரிப் பயணம் கெடுத்துவிடும்.

பயணம் என்றதும் ஒன்று. மலாயாவில் வணிகரீதியாகச் செம்பனை முதலில் நடப்பட்டது 1917இல், சிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில். இங்கிருந்து கார் எடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய் வந்துவிடலாம். ரப்பர் மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்த காலத்தில் குலை வெட்டியவர்களும் பழம் பொறுக்கியவர்களும் எத்தனை பேர் நம் வீட்டுப் பெரியவர்கள்! என் அலமாரியில் இருக்கும் ஆர்கானிக் டப்பாவிலோ கொலம்பியா என்று போட்டிருக்கிறது. அத்தனை தூரம் கப்பலில் வெயில் காய்ந்து வந்த கொழுப்பு மணலாக வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சரிசெய்யும் விதம்: தேவையான அளவை மட்டும் எடுத்து, கனமான பாத்திரத்தில் சின்னத் தீயில் 65, 70 டிகிரி வரும்வரை உருக்குங்கள். கண்ணுக்குத் தெளிந்ததும் இறக்கிவிடக்கூடாது. தெளிந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத படிக விதைகள் இருக்கும், அவை இருந்தால் மறுபடி மணல்தான். அந்தச் சூட்டிலேயே பத்து நிமிடம் இருக்கட்டும். பிறகு பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இறக்கி, உடனே கை பீட்டரால் அடிக்கத் தொடங்குங்கள். ஓரங்களில் சட்டென்று வெள்ளையாகப் பிடிக்கும். ஸ்பேட்டுலாவால் ஓரத்தை வழித்து வழித்து நடுவில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அங்கே கட்டியாகும். தெளிந்த எண்ணெய் முதலில் கலங்கும், பால்நிறமாகும், பிறகு இட்லி மாவுபோல் கனக்கும். அந்தப் பதத்தில் நிறுத்தி ஜாடியில் ஊற்றி, பிரிட்ஜில் வைக்காமல், குளிர்சாதனம் ஓடும் அறையில் ஒரு நாள் விடுங்கள். செம்பனைக் கொழுப்பு மெதுவாகத்தான் உறைந்து முடியும், ஊற்றி மூன்று மணிநேரம் கழித்தும் உள்ளே இறுகிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு எடுத்தால் மறுநாள் வேறு பதத்தில் இருக்கும்.

இப்படிச் செய்த கொழுப்பில் ஆலை ஏற்றிய வாயு போயிருக்கும். அதனால் கப்பில் அளந்தால் கூடுதல் எடை விழும். தராசில் போடுங்கள். உண்மையில் ஷார்ட்டனிங்கை எப்போதுமே தராசில்தான் போட வேண்டும்.

பிஸ்கட் ஓவனில் பரந்து ஓடுகிறது

ஷார்ட்டனிங் வெண்ணெயைவிட அதிகச் சூட்டில் உருகுவது. அதனால் பிஸ்கட் வெண்ணெய் போட்டதைவிடக் குறைவாகத்தான் பரவ வேண்டும். பரவுகிறது என்றால் இரண்டில் ஒன்று.

ஒன்று, ஓவனுக்குள் போகும் முன்பே கொழுப்பு உருகிவிட்டது. மாவு உருட்டும்போது உள்ளங்கை பளபளத்தால், தட்டில் எண்ணெய்த் தடம் தெரிந்தால் இதுதான். உருட்டி வைத்த தட்டை அரை மணிநேரம் பிரிட்ஜில் வைத்து நேராக ஓவனில் தள்ளுங்கள். முதல் தட்டு வெந்த சூடான தகட்டிலேயே இரண்டாம் வரிசையை அடுக்காதீர்கள்.

இரண்டாவது, வெண்ணெய்க்கு ஈடாக அதே எடை ஷார்ட்டனிங் போட்டிருக்கிறீர்கள். வெண்ணெயில் கொழுப்பு 80, 82 விழுக்காடுதான். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ஷார்ட்டனிங் முழுக்கக் கொழுப்பு. 250 கிராம் வெண்ணெய்க் கட்டிக்குப் பதிலாக 205 கிராம் ஷார்ட்டனிங், 40 மில்லி பால், உப்பு வெண்ணெயாக இருந்தால் முக்கால் தேக்கரண்டி உப்பு. நெய்க்குப் பதிலாகப் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். நெய்யும் முழுக்கக் கொழுப்புதான், எடைக்கு எடை போடலாம். பாட்டி காலத்து நெய் பிஸ்கட் செய்முறையில் ஷார்ட்டனிங் எளிதாகப் பொருந்துவதும், வெண்ணெய் வைத்து எழுதிய செய்முறையில் தகராறு செய்வதும் இதனால்தான்.

பிஸ்கட் எடுக்கும்போதே பொடிகிறது

நெய் பிஸ்கட் வாயில் போட்டதும் உதிர வேண்டும், தட்டிலிருந்து எடுக்கும்போதே உதிரக்கூடாது. தண்ணீர் இல்லாத கொழுப்பு மாவை முழுக்கப் பூசிவிடுவதால் மாவு ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வதில்லை. ஒரு பிடி எடுத்து அழுத்திவிட்டுக் கட்டைவிரலால் நெட்டிப் பாருங்கள். இரண்டு துண்டாக உடைந்தால் சரியான பதம். மணலாகச் சிதறினால் ஒரு தேக்கரண்டி பால் தெளித்து, மறுபடி அழுத்திப் பாருங்கள். கொழுப்பைக் கூட்டினால் ஒட்டும் என்று நினைத்துக் கூட்டுகிறார்கள். இன்னும் பொடியும். அதோடு, வெந்ததும் தட்டிலேயே ஆறவிடுங்கள்; சூட்டில் எதுவும் உடையத்தான் செய்யும்.

வாசனையும் இல்லை, நிறமும் வரவில்லை

வராது. சுத்திகரித்த செம்பனைக் கொழுப்புக்கென்று மணம் கிடையாது. வெண்ணெய் சிவந்து மணப்பதற்குக் காரணம் அதிலுள்ள பால் சத்து. நான் பத்துக்கு மூன்று பங்கு நல்ல நெய் கலப்பேன், வெண்ணெய்ச் செய்முறையாக இருந்தால் கூடவே ஒரு மேசைக்கரண்டி பால்மாவு. முழுக்க ஷார்ட்டனிங்கில் செய்துவிட்டு வெண்ணெய் எசன்ஸ் ஊற்றுவது எனக்குப் பிடிக்காது. மறுநாள் டப்பாவைத் திறந்தால் பிளாஸ்டிக் பை வாடை வரும். பால் சாப்பிடாதவர்களுக்காகச் செய்தால் ஏலக்காயும் வறுத்த முந்திரியும் கை கொடுக்கும்.

கேக் மாவு திரிகிறது, கேக் கனமாக இறங்குகிறது

டப்பாவின் பின்பக்கத்துக்குத் திரும்புங்கள். பேக்கரிக்காரர்கள் வாங்கும் கேக் ஷார்ட்டனிங்கில் குழம்பாக்கி இருக்கும். சர்க்கரையும் பாலும் மாவைவிட அதிகம் போட்டாலும் தாங்கும். ஆர்கானிக் டப்பாக்கள் பலவற்றில் குழம்பாக்கியே கிடையாது. அந்தச் செய்முறையில் இதைப் போட்டால் மூன்றாவது முட்டையில் திரியும். முட்டையை உடைத்து அடித்து, கரண்டி கரண்டியாக விடுங்கள். முட்டையும் பாலும் பிரிட்ஜ் குளிர்ச்சியோடு இருக்கக்கூடாது, கொழுப்பு இருக்கும் சூட்டிலேயே இருக்கட்டும். திரிந்துவிட்டால் மாவில் இரண்டு கரண்டி தூவி அடித்தால் சேரும்.

அவசரத்தில் பிரிட்ஜிலிருந்து எடுத்த கட்டியை மைக்ரோவேவில் காட்டினாலும் கேக் கனமாகும். பாதி உருகிய கொழுப்பில் காற்று நிற்காது. பிரிட்ஜில் வைத்தால் கல்லாகிவிடுகிறது என்பவர்கள், கேரட் துருவியில் துருவிப் பரப்பி வையுங்கள். இருபது நிமிடத்தில் பதத்துக்கு வந்துவிடும்.

கிரீம் வாயில் ஒட்டுகிறது, அல்லது மண்டபத்தில் சரிகிறது

இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மருந்து கிடையாது. குளிர்சாதனம் இல்லாத மண்டபத்தில் நிற்க வேண்டிய கிரீமுக்குக் கெட்டியான கொழுப்பு வேண்டும். அதே கெட்டிதான் அண்ணத்தில் படியும். பாதி வெண்ணெய், பாதி ஷார்ட்டனிங் என்பது நடுவழி. கேக் வெட்டும் நேரம் தெரிந்தால், அதுவரை குளிர்ச்சியில் வைத்து வெண்ணெயைக் கூட்டுங்கள். படம் எடுக்க அழகாக நின்று வாயில் மெழுகாகும் கிரீமைவிட, கொஞ்சம் தளர்ந்தாலும் ருசிக்கும் கிரீமே மேல் என்பது என் கட்சி. சர்க்கரை நறநறத்தால், தண்ணீர் இல்லாததால் கரையவில்லை. இரண்டு தேக்கரண்டி வெதுவெதுப்பான பால் விட்டு அடித்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடியுங்கள்.

கறிபாப் அடுக்கு விரியவில்லை

மசாலா பொதிந்து பொரிக்கும் சுழல் கறிபாப்புக்கு இரண்டு மாவு: தண்ணீர் மாவு ஒன்று, மாவின் எடையில் பாதியளவு ஷார்ட்டனிங் போட்டுப் பிசைந்த கொழுப்பு மாவு ஒன்று. இரண்டும் தொட்டால் ஒரே கெட்டியாக இருக்க வேண்டும். கொழுப்பு மாவு இளகியிருந்தால் தேய்க்கும்போது தண்ணீர் மாவுக்குள் இறங்கி அடுக்கே காணாமல் போகும். கல்லாக இருந்தால் உடைந்து துண்டு துண்டாக நிற்கும். ஒவ்வொரு முறை மடித்த பிறகும் இருபது நிமிடம் பிரிட்ஜ். பொரிக்கும்போது எண்ணெய் 150 டிகிரியில் இருக்கும்போதே போட்டு, வளையங்கள் பிரிந்து எழும்பிய பின் தீயைக் கூட்டுங்கள். கொதிக்கும் எண்ணெயில் போட்டால் வெளித்தோல் இறுகி, உள் அடுக்கு மூச்சுவிட முடியாமல் மாவாகவே நிற்கும்.

முறுக்கு பொரிக்கும்போது நுரை பொங்குகிறது

வழக்கமான பொரிப்பு எண்ணெய்களில் நுரை அடக்கும் பொருள் சிறிதளவு சேர்ப்பதுண்டு. ஆர்கானிக்கில் அது இருக்காது. வாணலியில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ஈரமான மாவை அள்ளிப் போடாதீர்கள். ஆறாவது, ஏழாவது ஈட்டில்தான் நுரை ஆரம்பிக்கிறது என்றால் கொழுப்பு களைத்துவிட்டது. உதிர்ந்த மாவுத் துகளை அவ்வப்போது அரித்து எடுத்தால் ஆயுள் நீளும். புதுக்கொழுப்பு 220 டிகிரியைத் தாண்டித்தான் புகையும். நாம் பொரிப்பது 170, 180. அந்தச் சூட்டிலேயே புகைந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

முறுக்கு ஆறியதும் வெள்ளையாகப் பூத்து, வாயில் பிசுக்கென்றால் அது பூஞ்சணம் இல்லை. மேலே படிந்த கொழுப்பு குளிர்சாதன அறையில் உறைந்துவிட்டது. கொதிசூட்டிலேயே நன்றாக வடியவிட்டால் குறையும். உள்ளபடி சொன்னால், பொரிப்பதற்கு இவ்வளவு விலையுள்ள ஷார்ட்டனிங் வீண். மாவில் பிசைய ஒரு கரண்டி சேருங்கள், மொறுமொறுப்பு கிடைக்கும். பொரிக்கத் திரவ எண்ணெய் போதும்.

கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டது

வெந்நீர் ஊற்றினால் கொழுப்பு அடுத்த வீட்டுக் குழாய்வரை போய் அங்கே உறையும். பொரித்த கொழுப்பை ஆறவிட்டு, உறைந்ததும் பழைய பால்மாவு டின்னில் வழித்துக் குப்பையில் போடுங்கள். சட்டியைக் காகிதத்தால் துடைத்த பிறகே தண்ணீர் காட்டுங்கள்.

நிறமும் வாசனையும் ஒருமாதிரி இருக்கிறது

வெளிர் மஞ்சள் இயல்பானது. செக்கச்செவேலென்று இருந்தால் நீங்கள் வாங்கியது சுத்திகரிக்காத சிவப்புச் செம்பனை எண்ணெய் வகை. கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் கரோட்டின் இருப்பதால் அந்த நிறம். குழம்புக்கு நல்லது, வெள்ளைக் கேக்குக்கு ஆகாது.

வாசனைக்கு ஒரு சோதனை: சுண்டைக்காய் அளவு எடுத்துப் புறங்கையில் தேய்த்து, சூடேறியதும் முகர்ந்து பாருங்கள். பெலாச்சான் (இறால் விழுது), வெங்காயம் என்று பிரிட்ஜில் பக்கத்தில் இருந்ததன் வாடை வந்தால் கொழுப்பு அதை உறிஞ்சியிருக்கிறது. தாளிக்க, பொரிக்க ஓட்டிவிடலாம், இனிப்புக்கு வேண்டாம். பழைய பெயின்ட், காறிய வேர்க்கடலை வாடை வந்தால் சிக்கு ஏறிவிட்டது. அதைச் சூடாக்கியோ ஏலக்காய் போட்டோ மறைக்க முடியாது, தூக்கிப் போடுங்கள். செம்பனைக் கொழுப்பு இயல்பில் சீக்கிரம் சிக்கு ஏறாது. ஆனால் ஆர்கானிக்கில் செயற்கைப் பாதுகாப்புப் பொருள் இல்லாததால் வெளிச்சமும் காற்றும் அதற்கு ஆகாது. டப்பா பாதியானதும் மிச்சத்தைச் சின்ன ஜாடிக்கு வாய்வரை அழுத்தி மாற்றி, அடுப்புக்கு எதிர்ப்பக்க அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். வீட்டில் பகல் முழுக்க ஆளில்லாமல் சன்னலைச் சாத்திவிட்டுப் போகிறவர்கள் பிரிட்ஜிலேயே வைத்து, முதல்நாள் இரவே வெளியே எடுத்துக்கொள்ளலாம்.